பழைய பெட்டியிலிருந்து ஒரு ஹரிக்கேன்

என் பெரியப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். எனக்கு எட்டு வயதாக இருக்கையில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, பாகங்களாகக் கழற்றி அடுக்கிய பிளாஸ்டிக் விமானப் பெட்டி ஒன்றை எனக்கென்று கொண்டுவந்து தந்தார். "இப்ப தொட்டா உடைச்சுப் போடுவாய் மனே, கொஞ்சம் வளர்ந்தா மறுகா செய்யலாம்" என்று சொல்லி அம்மா அதை எங்கள் மட்டக்களப்புப் புளியந்தீவு வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி கூரை ஓடுகளை அள்ளிக்கொண்டு போனபோது அலுமாரிக்குள் மழைநீர் இறங்கி, வீட்டிலிருந்த புத்தகங்களோடு அந்தப் பெட்டியும் நனைந்தது. அம்மா எல்லாவற்றையும் வெயிலில் உலர்த்தி மீண்டும் உள்ளே அடுக்கினார். படிப்பு, வேலை, இடம்பெயர்வு என்று காலம் போயிற்று. படவரைஞராக வேலை செய்து ஓய்வு பெற்ற பிறகுதான், சென்ற ஐப்பசியில், அந்தப் பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன்.

உள்ளே 1:72 அளவிலான ஹரிக்கேன் போர்விமானத்தின் 2பி வகை இருந்தது. வெளிர்சாம்பல் நிறப் பாகங்கள் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இரண்டு சட்டங்களில் ஒட்டியபடி இருந்தன. விமானி அறைக்கு மேலே வரும் கண்ணாடி மூடி (தெளிந்த பிளாஸ்டிக்தான்) தனியே ஒரு கடதாசி உறைக்குள் கிடந்தது. கூடவே வந்த பசைக்குழாய் கல்லாகியிருந்தது. வழிகாட்டித்தாள் மடிப்புகளில் நான்காகப் பிரிந்திருந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தது. எனக்குக் கவலை தந்தது, நீரில் ஊறவைத்துக் கழற்றி விமானத்தில் ஒட்டும் டெக்கால் தாள்தான். வட்ட அடையாளங்களும் இலக்கங்களும் அச்சிட்ட அந்தத் தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, சூறாவளி இரவின் நீர் ஏறிய எல்லை தேநீர்க் கறைபோல ஒரு கோடாகப் படிந்திருந்தது. அதற்குக் கீழிருந்த பகுதி முழுவதும் மஞ்சளித்துப் போயிருந்தது.

இன்று சந்தையில் கிடைக்கும் புதிய அச்சு ஹரிக்கேன்கள் இதைவிடப் பலமடங்கு திருத்தமானவை என்பது எனக்குத் தெரியும். அவற்றில் தகட்டுக் கோடுகள் மயிரிழைபோல உள்ளே பொறிக்கப்பட்டிருக்கும். இதிலோ அவை மேற்பரப்பில் புடைத்து நிற்கின்றன. இருந்தும் நான் செய்ய விரும்பியது பெரியப்பா தந்த விமானத்தையே. ஆகவே மாற்றுப் பாகங்கள் எதையும் வாங்குவதில்லை என்றும், இல்லாததைப் பெட்டியின் சட்டத்திலிருந்து வெட்டியெடுக்கும் பிளாஸ்டிக்கைக் கொண்டே ஆக்குவதென்றும், புடைப்புக் கோடுகளை அப்படியே வைத்துக்கொள்வதென்றும் முதல் நாளே முடிவு செய்தேன். பசை, நிறம், வாணிஷ் ஆகிய மூன்றை மட்டுமே கொழும்பிலிருந்து வருவித்தேன்.

எந்த ஹரிக்கேனாக இதை முடிப்பது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. 1942 மார்ச்சில் இண்டோமிடபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து எழுந்து பறந்து வந்து இலங்கையில் இறங்கிய பிரித்தானிய விமானப்படையின் ஹரிக்கேன் பிரிவுகளில் ஒன்று, திருகோணமலையின் சீனன்குடாவில் நிலைகொண்ட 261ஆம் படைப்பிரிவு. ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது எதிர்கொண்டு மேலெழுந்தவற்றில் பெரும்பாலானவை அந்த ஹரிக்கேன்களே. அதே முற்பகலில்தான் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில், எங்கள் மட்டக்களப்புக் கடலில் குண்டுவீச்சுக்கு இலக்காகி 307 பேருடன் மூழ்கியது. துணையாக வந்த வாம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் கூடவே போயிற்று. சீனன்குடா ஹரிக்கேன்கள் தங்கள் தலைக்கு மேல் நடந்த சண்டையில் அகப்பட்டிருந்தன. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் நீருக்கடியில் இருந்தது. ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் அது இன்றும் கிடக்கிறது. முகத்துவாரத்து வெளிச்சவீட்டடியில் நின்று கடலைப் பார்க்கும் போதெல்லாம் அந்தக் காலைப்பொழுது என் நினைவுக்கு வரும். அந்தக் காலையில் பறந்த ஒரு ஹரிக்கேன் எப்படி இருந்திருக்குமோ அப்படி இதை முடிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

வேலையைக் கழுவுவதில் தொடங்கினேன். அச்சிலிருந்து பாகங்கள் இலகுவாகக் கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய், கழுவாவிட்டால் நிறத்தை ஒட்டவிடாது. அதன்மேல் ஐம்பது ஆண்டுத் தூசியும் சேர்ந்திருந்தது. இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பாகங்களைச் சட்டத்திலிருந்து பிரிக்காமலே பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவி, முற்றத்து நிழலில் உலர விட்டேன். உலர்ந்தபின் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தபோது வலது இறக்கையின் மேற்பாதி வில்லாக வளைந்திருப்பது தெரிந்தது. அலுமாரியில் அதன்மேல் ஏறியிருந்த பாரமே காரணமாக இருக்க வேண்டும். இந்தப் பிளாஸ்டிக் கிட்டத்தட்ட நீர் கொதிக்கும் வெப்பநிலையில் முற்றாக இளகிவிடும் என்பதால் கொதிநீரில் போடக்கூடாது. கை பொறுக்காத அளவு சூடான நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிடித்துக் குளிர்நீரில் இறக்கினேன். மூன்றாம் முறையில் நேராயிற்று.

உண்மையான ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.19 மீற்றர். 72ஆல் வகுத்தால் 169.3 மில்லிமீற்றர் வர வேண்டும். பாகங்களை ஒட்டுநாடாவால் தற்காலிகமாகச் சேர்த்து இடுக்கிமானியால் அளந்தபோது 168 வந்தது. அச்சுச் செதுக்கியவர்கள் கணினியின்றிக் கையால் வரைந்த படங்களைக் கொண்டு செய்த காலத்துப் பெட்டி இது. ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடிய குறை, வரைமேசையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு மரியாதைக்குரிய வேலையாகவே தோன்றியது. அதைத் திருத்தவில்லை.

பாகங்களைச் சட்டத்திலிருந்து முறித்து எடுப்பது பலரும் செய்யும் தவறு. முறித்தால் பாகத்தின் உடலில் பள்ளம் விழும். நான் நகவெட்டியால் சட்டத்துப் பக்கமாகச் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கூரான பிளேட்டால் சீவி, மண்கடதாசியால் சமப்படுத்தினேன். பழைய அச்சாதலால் அச்சின் இரு பாதிகளுக்கிடையே கசிந்த பிசிறு, மெல்லிய சவ்வுபோல ஏறத்தாழ எல்லா விளிம்பிலும் இருந்தது. காற்றாடித் தகடுகள் மூன்றிலும் இருந்த பிசிறை நீக்கவே ஒரு மாலை சென்றது.

இதற்கெல்லாம் எனக்குத் தேவைப்பட்ட கருவிகள் எங்கள் தெருவிலேயே கிடைத்தன. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பத்தர் கண் பார்வை குறைந்ததால் நகை வேலையை விட்டு ஆறேழு ஆண்டுகளாகின்றன. அவருடைய சாமணம், ஊசிமுனை அரங்கள், சிறு கவராயம் எல்லாம் ஒரு தகரப்பெட்டிக்குள் எண்ணெய் பூசி வைத்தபடியே இருந்தன. கேட்டவுடன் பெட்டியோடு தந்தார். "தம்பி, சாமணத்த இறுக்கிப் பிடிக்கப்படாது. சாமான் பறந்திரும். தொட்டுக்கொண்டு நிக்கிற அளவுக்குப் பிடிச்சாப் போதும்" என்று அவர் சொன்னது இந்த வேலை முழுவதிலும் எனக்கு உதவிய சொல்.

விமானி அறை என்று பெட்டி தந்தது ஒரு இருக்கையும் ஒரு விமானி உருவமும் மட்டுமே. உண்மையில் ஹரிக்கேனின் அறைக்கு முழுமையான தரை கிடையாது. விமானியின் பாதங்கள் இரண்டு நீண்ட தகட்டுத் தாங்கிகளின் மேல் இருக்கும். அவற்றுக்குக் கீழும் பக்கங்களிலும் உடற்சட்டத்தின் உலோகக் குழாய்கள் வெறுமையாகத் தெரியும். அந்தக் குழாய்களை ஆக்க, சட்டத் துண்டொன்றை மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே இரண்டு அங்குல உயரத்தில் சுழற்றிச் சுழற்றிச் சூடாக்கினேன். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யத் தொடங்கும் கணத்தில் சுவாலையிலிருந்து விலக்கி, ஒரு மூச்சு பொறுத்து, இரு முனைகளையும் ஒரே சீராக இழுத்தால் பிளாஸ்டிக் கம்பியாக நீளும். மெதுவாக இழுத்தால் தடித்த கம்பி, விரைவாக இழுத்தால் நூல். வாவிக் காற்று சுவாலையை ஒரு நிலையில் நிற்கவிடாது என்பதால் யன்னல்களைச் சாத்திவிட்டு இதைச் செய்தேன். அரை மில்லிமீற்றர்த் தடிப்பில் கிடைத்த கம்பிகளை வெட்டி இரு பக்கங்களிலும் ஒட்டி வெள்ளி நிறம் பூசினேன். இருக்கைப் பட்டிகளை ஒட்டுநாடாவின் ஒரு மில்லிமீற்றர்க் கீற்றுகளால் செய்தேன். விமானியை உள்ளே வைக்கவில்லை. கண்ணாடி மூடியைத் திறந்த நிலையில் காட்ட முடியாத பெட்டி இது. ஆளை வைத்தால் அத்தனை குழாய்களும் மறைந்துவிடும்.

உடலின் இரு பாதிகளையும் சேர்ப்பதில் அவசரப்படவில்லை. இந்தப் பசை மற்றப் பசைகளைப்போல இடையில் படலமாக நின்று ஒட்டுவதில்லை. இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றோடொன்று உருகச் செய்கிறது. ஆகவே பாகங்களைக் காயாகவே பலமுறை பொருத்திப் பார்த்து, தடுக்கும் இடங்களை அரத்தால் நீக்கி, கையில் பிடித்தபடி விளிம்பில் தூரிகை நுனியை வைத்தால் திரவம் தானாகவே கோட்டின் வழியே ஓடிப் பரவும். பிறகு மெல்ல அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் ஒரு சிறு வரம்பாக மேலே பிதுங்கும். அதைத் துடைக்கக்கூடாது. இரண்டு நாள் இறுக விட்டுச் சீவினால் கோடே தெரியாமல் போகும். உடுப்புக் கவ்விகளும் றப்பர் பாண்டும் போதுமான பிடியைத் தந்தன.

பெட்டியின் பெருங்குறை இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் இருந்தது. கீழ் இறக்கை முழு நீளமும் ஒரே துண்டு, மேற்பாதிகள் இரண்டு. பொருத்திப் பார்த்தபோது இடது பக்கத்தில் கடதாசி நுழையும் இடைவெளியும் வலது பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் இடைவெளியும் விழுந்தன. இப்படியான இடத்தில் இடைவெளி அடைக்கும் பசையான புட்டியை அள்ளி நிரப்புவது எனக்கு உடன்பாடில்லை. புட்டி நிரப்பியதைத் தேய்க்கும்போது சுற்றியுள்ள தறையாணிப் புள்ளிகளும் புடைப்புக் கோடுகளும் சேர்ந்து அழிந்துபோகும். இடைவெளிக்கான காரணத்தை முதலில் தேட வேண்டும். இங்கே இரண்டு காரணங்கள் இருந்தன. உடல் தேவையானதைவிடச் சற்று ஒடுங்கியிருந்தது. வெளி இறக்கைகளும் போதிய அளவு மேல்நோக்கிச் சாயவில்லை. ஹரிக்கேனில் இறக்கையின் நடுப்பகுதி தட்டையாக இருக்கும், வெளிப்பகுதிகள் மட்டுமே மேலே ஏறும். ஆகவே உடலின் உட்புறத்தில் சட்டத் துண்டொன்றைக் குறுக்கே முட்டுக் கொடுத்து அரை மில்லிமீற்றர் விரித்தேன். பின்னர் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை விமானி அறைக்கு மேலாக ஒட்டுநாடாவை இழுத்துக் கட்டினேன். நாடா இறக்கை நுனிகளை மேலே தூக்க, இரு பக்க இடைவெளியும் கண்முன்னே மூடிக்கொண்டன. அந்த நிலையில் பசையை ஓடவிட்டு ஒரு இரவு முழுக்க விட்டுவைத்தேன். காலையில் வலது பக்கத்தில் எஞ்சியது மயிரிழை அளவே. சட்டத்தின் பொடித் துண்டுகளைப் பசையில் ஊறவைத்து நான் முன்னரே செய்து வைத்திருந்த பாகுபோன்ற கலவையை அதில் இட்டேன். அது விமானத்தின் அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது சுற்றுப்புறத்தோடு ஒரே கடினத்தில் தேயும். ஆனால் உலர்கையில் சுருங்கும் என்பதால் ஒரு வாரம் பொறுத்து இரண்டாம் முறை இட வேண்டியிருந்தது.

ஹரிக்கேனின் பின்னுடலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சிட்னி கேம் வடிவமைத்த இந்த விமானம் 1935 நவம்பர் 6ஆம் திகதி முதன்முதலாகப் பறந்தபோது, விமானக் கட்டுமானம் துணியிலிருந்து உலோகத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம். உலோகக் குழாய்ச் சட்டத்தின்மேல் மரச்சலாகைகளை நீளவாக்கில் பொருத்தி, அதன்மேல் துணியை இழுத்துப் போர்த்திப் பசைச்சாயம் பூசி இறுக்கியதுதான் அதன் பின்னுடல். குண்டு துளைத்துப் போனால் அந்த இடத்தில் துணியை ஒட்டி மீண்டும் பறக்கவிடலாம் என்பது போர்க்காலத்தில் அதன் பெரும் பலம். 14,000க்கும் மேற்பட்ட ஹரிக்கேன்கள் கட்டப்பட்டன. என் பெட்டியில் அந்தத் துணி, சலாகைகளுக்கிடையே நனைந்த சேலை கொடியில் தொய்வதுபோல ஆழமாகத் தொய்ந்திருந்தது. உண்மையில் அது பறை இழுத்துக் கட்டியதுபோல இறுக்கமாக இருக்க வேண்டும். 600 இலக்க மண்கடதாசியை நீரில் நனைத்து, சலாகைகளின் முகடுகள் மட்டும் தேயும்படி நீளவாக்கில் இழுத்து, பின்னர் 1000 இலக்கத்தால் மெழுகினேன். பத்து இழுவைக்கு ஒருமுறை மேசை விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டு ஒளியில் பார்த்தேன். நிழல் மெலிந்து, ஆனால் மறையாமல் நிற்கும் கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன். இறக்கைகளின் மேல்தோல் இந்த வகையில் உலோகம் என்பதால் அங்கே கைவைக்கவில்லை.

மூக்கின் கீழ் வரும் தூசிவடிகட்டி வெப்பநாடுகளுக்கு அனுப்பிய ஹரிக்கேன்களின் அடையாளம். நல்லவேளையாக அது பெட்டியில் ஒரு மேலதிகப் பாகமாக இருந்தது. அச்சுக்குள் பிளாஸ்டிக் முழுமையாக ஓடாததால் அதன் ஒரு மூலை குறைந்திருந்தது. சட்டத் துண்டொன்றை ஒட்டி, இறுகியபின் அரத்தால் செதுக்கி அந்த மூலையை ஆக்கினேன்.

நிறங்களைத் தூரிகையாலேயே பூசினேன். கீழ்ப்புறத்துக்கு வாத்துமுட்டை ஓட்டின் பச்சை கலந்த வெளிர்நிறம், மேற்புறத்துக்குக் கரும்பச்சையும் மண்நிறமும். பிரித்தானியாவுக்குள் பறந்த போர்விமானங்களின் மண்நிறம் 1941 ஓகஸ்ட் முதல் சாம்பலாக மாற்றப்பட்டது. கடல்கடந்த களங்களில் மண்நிறம் தொடர்ந்தது. நிறத்தைத் தடிப்பாக ஒரே முறையில் பூசினால் புடைப்புக் கோடுகளின் ஓரத்தில் தேங்கும். பால்போல நீர்த்து, ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் உலரவிட்டு, முந்திய பூச்சுக்குக் குறுக்குத் திசையில் அடுத்ததைப் பூசினால் தூரிகைக் கீறல் விழாது. மண்நிறம் மூன்று பூச்சு வாங்கியது, கரும்பச்சை இரண்டு.

இனி அந்த டெக்கால் தாள். மஞ்சளித்த பகுதியை வெளுக்கச் செய்ய, தாளைக் காற்றுப் புகாத பொலித்தீன் உறைக்குள் இட்டுக் கிழக்குப் பார்த்த யன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். காலை வெயில் பட்டுப் பட்டுப் பன்னிரண்டு நாட்களில் கறை பெருமளவு வெளுத்தது. நீர்க்கோடு மட்டும் மங்கலாக நின்றது. தேவையற்ற ஒரு இலக்கத்தை வெட்டி நீரில் இட்டுச் சோதித்தபோது அது நான்கு துண்டாகச் சிதறியது. ஐம்பது ஆண்டில் படலம் நொறுங்கும் தன்மையை அடைந்திருந்தது. இதற்கு மருந்து, தாள் முழுவதற்கும் பளபளக்கும் தெளிந்த வாணிஷை மெல்லியதாக இரண்டு முறை பூசிப் புதிய படலம் ஒன்றைக் கொடுப்பது. அதன்பின் ஒவ்வொரு அடையாளத்தையும் அதன் ஓரத்தோடு ஒட்ட வெட்ட வேண்டும், ஏனெனில் இப்போது தாள் முழுவதும் ஒரே படலம். அடுத்த சோதனைத் துண்டு முழுதாகக் கழன்று வழுக்கி வந்தது.

ஆனால் இன்னொரு குறை எஞ்சியிருந்தது. உடலின் பக்கங்களில் வரும் வட்ட அடையாளத்தில் உள்ளிருந்து வெளியே செம்மை, வெண்மை, நீலம், மஞ்சள் என்று நான்கு நிறங்கள் வரும். நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டபோது தாள் நகர்ந்துவிட்டதால் செம்புள்ளி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. மாறுகண் பார்வைபோல இருந்தது. இந்தப் புள்ளியை நான் அப்படியே விட முடியாது. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் சிவப்புச் சூரியன் என்பதால், வானில் கணப்பொழுதில் பார்க்கும் கண் எந்தச் செம்மையையும் எதிரியாகக் கொள்ளும் ஆபத்து இருந்தது. அதனால் பின்னர் இந்தக் களத்தில் பறந்த பிரித்தானிய விமானங்களின் வட்டத்திலிருந்து செம்மை முற்றாக நீக்கப்பட்டு நீலமும் வெள்ளையும் மட்டும் எஞ்சின. என் விமானம் 1942 ஏப்ரல் மாதத்துக்குரியது என்பதை அந்தப் புள்ளிதான் சொல்கிறது.

அளவைக் கணக்கிட்டேன். அந்த வட்டத்தின் முழு விட்டம் 35 அங்குலம். நான்கு நிறங்களின் விட்டங்களும் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைவதால் செம்புள்ளி 5 அங்குலம். 72ஆல் வகுத்தால் 1.76 மில்லிமீற்றர். கவராயத்தால் அந்த அளவில் வட்டம் வெட்ட முயன்றேன். முனை நடுவிலேயே கிழித்தது. தூரிகையால் இட்ட புள்ளி முட்டை வடிவானது. பத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் அளவைக் கேட்டுவிட்டுத் தகரப்பெட்டியின் அடியிலிருந்து நகைப்பூட்டுக்குப் பயன்படும் பித்தளைக் குழல்கள் சிலவற்றை எடுத்தார். இடுக்கிமானியை நான் பிடிக்க, ஒவ்வொன்றாக அளந்து உள்விட்டம் 1.7க்கும் 1.8க்கும் இடையில் நின்ற ஒன்றைத் தெரிந்தெடுத்தோம். கண் தெரியாது என்று சொன்னவர், குழலின் விளிம்பை விரல் நுனியால் தடவித் தடவியே வெளிப்புறமாகச் சரித்து அராவினார். "உள்ளுக்குத் தொடப்படாது தம்பி. வெளியால மட்டும் சரிச்சாத்தான் வட்டம் மாறாது" என்றார். கால் மணி நேரத்தில் குழலின் வாய் பிளேட்டுப்போல் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து, டெக்கால் தாளின் அச்சில்லாத வெற்று ஓரத்தில் அடையாளத்தின் செம்மைக்கு ஒத்த நிறத்தைப் பூசி உலரவிட்டேன். அதைத் தடித்த மட்டைமேல் வைத்து, குழலைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு திருகுத் திருகி அழுத்தியபோது குழலுக்குள் ஒரு செம்புள்ளி வந்திருந்தது. விளிம்பு சிதையாத வட்டம். ஆறு வெட்டி, இரண்டு நல்லவற்றைத் தெரிந்தேன். பழைய வட்டத்தில் ஒதுங்கியிருந்த செம்மையை வெள்ளையால் மறைத்து, உடலில் ஒட்டி உலர்ந்தபின், நீரில் ஊறிய புதிய புள்ளியைச் சாமண நுனியில் ஏந்தி நடுவில் இறக்கினேன். அது நீர்த்துளியின்மேல் மிதந்து நழுவியது. ஊசி முனையால் நான்கு பக்கமும் தட்டித் தட்டி, இடுக்கிமானியின் முனைகளை வெள்ளை வளையத்தில் வைத்து இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றா என்று பார்த்து, பஞ்சு நுனியால் நீரை உறிஞ்சி எடுத்தேன். இரு பக்கத்துக்குமாக ஒரு மாலை முழுவதும் சென்றது. இந்த வேலையில் எனக்கு மிகவும் நிறைவு தந்த மாலை அது.

அடுத்து நடந்ததற்குப் பொறுப்பு என் அவசரம். மார்கழி நடுப்பகுதி, மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு பிற்பகல் மழை சற்று ஓய்ந்திருக்கையில், டெக்கால்களைப் பாதுகாக்கும் ஒளிராத வாணிஷை முன் விறாந்தையில் வைத்து விசிறினேன். பத்து நிமிடத்தில் இறக்கையின் மேற்புறம் முழுவதும் பூஞ்சணம் படர்ந்ததுபோல வெளிறியது. வாணிஷின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் ஒடுங்கிப் படலத்துக்குள் சிக்கிவிடுகிறது. அந்த வெண்மை நிறமல்ல, சிக்கிய ஈரம். அதைத் துணியால் தேய்த்திருந்தால் செம்புள்ளிகள் போயிருக்கும். தொடாமல், அரிசி நிரப்பிய வாளியொன்றுக்குள் ஒரு தட்டின்மேல் விமானத்தை வைத்து மூடிவிட்டு, மழை விடும்வரை காத்திருந்தேன்.

தை பிறந்து பத்து நாளுக்குப் பிறகு வெயில் நிலைத்தது. முற்பகல் பதினொரு மணிக்கு, தரை காய்ந்து காற்று உலர்ந்திருந்த நேரத்தில், பளபளக்கும் வாணிஷை மிக மெல்லியதாக ஒருமுறை விசிறினேன். அதன் கரைப்பான் கீழிருந்த படலத்தை மீண்டும் இளக்க, சிக்கியிருந்த ஈரம் வெளியேறி, கரும்பச்சையும் மண்நிறமும் அடியிலிருந்து எழுந்து வருவதைப் பார்த்தேன். இடது இறக்கையின் பின்விளிம்பில் ஒரு விரல் நக அளவு மட்டும் பிடிவாதமாக நின்றது. அடுத்த நாள் இரண்டாம் விசிறலில் அதுவும் போயிற்று. மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒளிராத வாணிஷை இட்டேன். எங்கள் கடற்கரைப் பகுதியில் இந்த வேலையைச் செய்பவர்கள் கார்த்திகை, மார்கழியில் ஒட்டும் வேலைகளை வைத்துக்கொண்டு, வாணிஷை மாசிக்கோ கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கோ ஒதுக்குவது நல்லது.

கண்ணாடி மூடியை ஒட்டப் பிளாஸ்டிக் பசையையோ உடனடிப் பசையையோ தொடக்கூடாது. முன்னது கண்ணாடியைக் கரைக்கும், பின்னதன் ஆவி வெண்புகையாகப் படியும். ஹாட்வெயார் கடையில் பைண்டர் கம் என்று கேட்டால் தரும் வெள்ளைப் பசை உலர்ந்தால் தெளிந்துவிடும்; தவறினால் நீரால் கழுவலாம். மூடியில் இருந்த கீறல்களைப் பற்பசை தொட்ட பஞ்சால் நெடுநேரம் தேய்த்து மெழுகினேன். அதன் சட்டகக் கோடுகளைத் தூரிகையால் வரையாமல், வாணிஷ் பூசிய வெற்று டெக்கால் படலத்தில் நிறம் தீட்டி, கீற்றுகளாக வெட்டி ஒட்டினேன். கோடுகள் நேராக நின்றன.

எஞ்சியவை சிறியன. இறக்கையின் முன்விளிம்பில் ஒவ்வொரு பக்கமும் உள்ளே நான்கும் வெளியே இரண்டுமாக ஆறு துப்பாக்கி வாய்கள். பறப்புக்கு முன் குளிரும் தூசியும் உட்புகாதபடி அவற்றின்மேல் சிவப்புத் துணித்துண்டுகளை ஒட்டுவது வழக்கம் என்பதால், அதே செந்நிறப் படலத்திலிருந்து சிறு சதுரங்கள் வெட்டி ஒட்டினேன். புகைக்குழாய்களுக்குப் பின்னால் பென்சில் கரியைத் தூளாக்கிப் பஞ்சால் ஒத்தியெடுத்தேன். நாள்தோறும் பறக்கும் விமானத்தில் அந்தக் கறை இருந்தே தீரும். சக்கரங்கள் நிலத்தைத் தொடும் இடத்தைச் சற்று அராவித் தட்டையாக்கினேன். ஹரிக்கேனின் கால்கள் உள்நோக்கி மடிபவை. அதனால் நிலத்தில் அகன்று ஊன்றி நிற்கும். அக்காலத்து இன்னொரு பிரித்தானியப் போர்விமானமான ஸ்பிட்பயரின் ஒடுங்கிய நிலையோடு ஒப்பிட்டால் இதன் உறுதி கண்ணுக்கே தெரியும். கடைசியாக, இழுத்த பிளாஸ்டிக் நூலை வானலைக் கம்பத்திலிருந்து வால்வரை கட்டி, அணைத்த ஊதுவத்தியின் சூட்டைக் கீழிருந்து அரைக் கணம் காட்ட, நூல் சுருங்கி விறைத்தது.

இப்போது அது முன்னறைக் கண்ணாடி அலுமாரியில், ஈரத்தை உறிஞ்சும் உலர்மணிப் பொதியொன்றின் பக்கத்தில் நிற்கிறது. காற்றாடியை மட்டும் ஒட்டவில்லை, அச்சாணியில் செருகி விட்டிருக்கிறேன். பத்தர் வரும்போது விமானத்தைக் கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் செம்புள்ளி இருக்கும் இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, விரல் நுனியால் காற்றாடியை ஒருமுறை சுழற்றிவிட்டுத் தருகிறார்.